பச்சைக் கனவு காணாத டீச்சர்

கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில், இஸ்ஸதீன் ஹாஜியாரின் வீட்டில், கனவு காணாமல் ஒரு கதிரைகூட வாங்கியதில்லை. பஜாரில் அலுமினியச் சட்டிபானைக் கடை வைத்திருந்த அந்த மனிதர் எந்தக் காரியத்துக்கும் முதலில் இஸ்திகாரா தொழுவார். ஒன்றைச் செய்வதா விடுவதா என்று மனம் ஆடும்போது, எது நல்லதோ அதை எனக்கு லேசாக்கித் தா என்று அல்லாஹ்விடம் கேட்கும் இரண்டு றக்அத் தொழுகை அது. ஹாஜியார் அத்தோடு நிற்கமாட்டார். தொழுத கையோடு படுத்துக் கனவுக்குக் காத்திருப்பார். பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் செய்யலாம். கறுப்போ சிவப்போ தெரிந்தால் கூடாது. வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது, அவர் கனவில் பச்சைக் குடை கண்ட பிறகுதான். கட்டுகஸ்தோட்டையில் மலிவாக வந்த நல்ல வீடொன்று கைநழுவியதற்குக் காரணம் கனவில் முட்ட வந்த ஒரு கறுப்பு ஆடு.

அவருடைய மூத்த மகள் உம்மு குல்சும். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு ஜனவரியில், அவருக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது, ஆசிரிய நியமனக் கடிதம் வந்தது. தபால்காரர் படலையைத் தாண்டிப் போவதற்குள் கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டார். புசல்லாவைக்கு மேலே ஊத்துமலைத் தோட்டப் பாடசாலை. பத்து நாளுக்குள் கடமையை ஏற்கவேண்டும்.

"புசல்லாவையா?" என்றார் உம்மா, ஹவ்வா உம்மா. "மழையும் அட்டையும்தான் அங்க."

"மழை இங்கயும் பெய்யுதுதானே உம்மா."

வாப்பா வழக்கம்போல இஸ்திகாரா தொழுதார். ஏழு நாள் தொழுதும் கனவில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம், கடைக்குச் சரக்கோடு வரவேண்டியிருந்து வராமல்போன ஒரு லொறிதான். அதன் நிறம் அவருக்கு ஞாபகமில்லை. உம்மாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தகவல் இல்லையென்றால் போகவேண்டாம் என்பதுதான் அர்த்தம் என்று வாப்பா ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். எட்டாம் நாள் காலையில் தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்தபடியே உம்மு குல்சும் சொன்னார்:

"நான் கண்டேன் வாப்பா."

"என்ன கண்ட?"

"மலையொன்டு. அடிவாரத்துலேந்து உச்சி வரைக்கும் பச்சை."

இஸ்ஸதீன் ஹாஜியார் கண்ணை மூடி, "சுப்ஹானல்லாஹ்" என்றார். "அப்ப போ மகள்."

அது பொய். உம்மு குல்சும் அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு முந்திய ஏழு நாளும் எந்தக் கனவும் காணவில்லை. காணாத கனவைக் கண்டேன் என்பது சின்னப் பாவமல்ல என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து சாரிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாராம். அப்போது பயமா, போகப்போகிறோம் என்ற சந்தோஷமா என்று கேட்டால், "ரெண்டும்தான்" என்பார்.

புசல்லாவை பஜாரில் வாப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டில் வார நாட்களில் தங்குவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி, கம்பளை வழியாகக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து அக்குறணைக்கு இன்னொரு பஸ். திங்கட்கிழமை விடிய அதே வழியாகத் திரும்பிப் போகவேண்டும். பஜாரிலிருந்து பாடசாலைக்கு இரண்டரை மைல் ஏற்றம். முதல் வாரத்திலேயே செருப்பு அறுந்தது. இரண்டாம் வாரம் அட்டையைக் கண்டு கத்துவதை விட்டார். மூன்றாம் வாரத்தில் அந்த ஏற்றத்தை நாற்பது நிமிடத்தில் ஏறினார்.

பாடசாலை என்பது தகரக் கூரை போட்ட ஒரே நீள மண்டபம். நூற்றுப் பத்துப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் இராமகிருஷ்ணன் மாஸ்டர் ஒரு பக்கம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், மறுபக்கம் உம்மு குல்சும் டீச்சர் தமிழ் சொல்லிக் கொடுப்பார். இருவர் குரலையும் மழை விழுங்கிவிடும். மழை பெரிதானால் டீச்சர் பாட்டு எடுத்துவிடுவார். பிள்ளைகள் தகரத்தை மிஞ்சிப் பாடுவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை. மலையின் மடிப்பிலிருந்து ஓர் ஓடை இறங்கிவரும். அதிலிருந்து பிரிந்த சின்ன வாய்க்கால் ஒன்று, கான் என்பார்கள், பாடசாலைச் சுவரோரமாக ஓடும். பிள்ளைகள் சிலேட்டுக் கழுவுவதும் கால் கழுவுவதும் அந்தக் கானில்தான். ஓடைக்கரையோடு தார் ரோட்டொன்று கீழே தேயிலை ஃபெக்டரிக்குப் போகும். எதிர்ப்பக்கம் விளையாட்டிடம், அதைத் தாண்டி, தேயிலைக்கூடாக ஏறினால் முருகன் கோயில்மேடு.

ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம், நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் ஒரு வியாழக்கிழமை. மாஸ்டர் கூட்டமொன்றுக்காகக் கண்டிக்குப் போயிருந்தார். அறுபத்துநாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். டீச்சர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, எல்லாரையும் மண்டபத்தின் நடுவுக்கு இழுத்து, கதை சொல்லிக்கொண்டிருந்தார். மணி பத்து இருக்கும்.

பக்கத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் பாலம்மா. அவர் நனைந்து ஒழுக ஒழுக மண்டப வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கான்ல தண்ணி நின்னுபோச்சு."

"என்ன நின்ட?"

"தண்ணிங்க. துணி அலசப் போனேன். சொட்டு இல்ல."

உம்மு குல்சும் வெளியே வந்து பார்த்தார். வானத்திலிருந்து மழை கொட்டுகிறது. நேற்றுவரை கரை முட்டப் பாய்ந்த கானில் வெறும் சேறு. ஓடையும் அப்படியே, கல் தெரிய வற்றிக் கிடந்தது. இவ்வளவு மழையில் வந்துகொண்டிருந்த தண்ணீர் எங்கே போயிற்று? மேலே எதுவோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. பின்கதவைத் திறந்து மலையைப் பார்க்கலாம் என்று போனார். கதவு அசையவில்லை. காலையில் லேசாகத் திறந்த கதவு. நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

அந்த நேரம் தோட்டத்துக் காவல்காரர் மூக்கையா, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். பாடசாலைச் சாவியும் அவரிடம்தான்.

"மழ விடுற வரைக்கும் புள்ளைங்கள வெளிய விடவேணாம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க டீச்சர்."

"மலை வரப்போகுது மூக்கையாண்ணே. தண்ணி நின்டீக்கி, பாருங்க."

மூக்கையா கானைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இந்த மலைய எனக்கு அம்பது வருஷமாத் தெரியும். அப்பிடி வந்தா, அது நம்ம தலையெழுத்துங்க. எழுதுனது எங்க போனாலும் வரும்."

டீச்சர் இதைச் சொல்லும்போது இன்றைக்கும் உட்கார்ந்திருக்கமாட்டார், எழுந்துவிடுவார். அந்த நிமிடத்தில் அவருக்கு முதலில் தோன்றியது தொழவேண்டும் என்பதுதான். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவர் பழகியது அது. தொழு, படு, நிறம் தெரியும்வரை பொறு. ஆனால் அறுபத்துநாலு பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே, ஒரே மூச்சில் உள்ளுக்குள் கேட்டார்: யா அல்லாஹ், எது நல்லதோ அதைக் காட்டு.

கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். எதிரே வற்றிய கான். பின்னால் இறுகிய கதவு. அவருக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. காட்டவேண்டியதை அவன் ஏற்கனவே காட்டிவிட்டான். இனி என் காலைப் பிடித்து நகர்த்தமாட்டான்.

"தலையில என்ன எழுதியீக்கென்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா மூக்கையாண்ணே?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்ட நம்பி இந்தப் புள்ளைகள இங்க வச்சிக்கொள்ள ஏலாது. நான் கூட்டிட்டுப் போறன்."

டீச்சர் போகத்தான் போகிறார் என்று தெரிந்ததும் மூக்கையா பேச்சை மாற்றினார். "போறதுன்னா ஃபெக்டரிக்குப் போங்க. தார் ரோட்டு. அஞ்சு நிமிஷம். கூரை இருக்கு." பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை, ஃபெக்டரியில் சூடு இருக்கும், ஒரு வாய் தேநீர் கிடைக்கும். உம்மு குல்சும் ரோட்டைப் பார்த்தார். அது ஓடைக்கரையை ஒட்டியே போகிறது. மேலே தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டால் எந்த வழியாக இறங்கும்? ஓடை வழியாகத்தான்.

"கோயில்மேட்டுக்கு" என்றார். "எல்லாரும் கையப் புடிங்க. பெரிய புள்ளை ஒன்டு, சின்னப் புள்ளை ஒன்டு. புத்தகம் வேணாம். பை வேணாம். நடங்க."

பாலம்மா ஓடிப்போய்ப் பதினொரு குழந்தைகளையும் கிளப்பினார். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஆளுக்கொன்றை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு குழந்தைகளைச் சாரித் தலைப்பால் டீச்சர் தன்னோடு கட்டிக்கொண்டார். விளையாட்டிடம் முழங்கால் அளவு சேறு. தேயிலை வரிசைகளுக்குள் பாதை வழுக்கியது. டீச்சர் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். எல்லாரையும் அவர்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பாடச் சொன்னார்; பாடினால் யார் நின்றுவிட்டார்கள் என்பது குரலில் தெரியும். மேட்டின் மேலே கோயில் மண்டபத்தில் ஒவ்வொருவராக ஏற்றினார். மூச்சு வாங்கவும் நேரமெடுக்காமல் எண்ணினார்.

அறுபத்துமூன்று.

மறுபடி எண்ணினார். அறுபத்துமூன்று. பெயர் கூப்பிட்டதில், இரண்டாம் வகுப்புச் செல்வநாயகி இல்லை.

"கக்கூசுக்குப் போனிச்சு டீச்சர்" என்றது ஒரு பிள்ளை.

இடுப்பிலிருந்த குழந்தைகளைப் பாலம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் இறங்கத் தொடங்கினார். பாலம்மா சாரியைப் பிடித்தார். "நீங்க போயிட்டா இதுகள யாரு பாக்குறது?" உம்மு குல்சும் பிடியை விடுவித்துக்கொண்டு ஓடினார். பாதி இறக்கத்தில், தேயிலைக்குள்ளிருந்து ஒரு சாக்கு முளைத்தது. மூக்கையா. தோளில் செல்வநாயகி. மண்டபத்தைப் பூட்டப் போனவருக்கு உள்ளே அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. ஆளில்லாத மண்டபத்தைக் கண்டு பயந்த பிள்ளை மேசைக்கடியில் நுழைந்திருந்தது.

"ரோட்டுல போயிருவமான்னு பாத்தேன்" என்றார் மூச்சிரைக்க. "அப்புறம் நீங்க போன தடத்தப் பாத்தேன். இப்பிடியே வந்துட்டேன்."

மூவரும் மேடேறி முடியவில்லை, சத்தம் கேட்டது. பாரம் ஏற்றிய லொறி ஏற்றத்தில் கியர் மாற்றுவதுபோல முதலில். பிறகு அது நிற்கவேயில்லை. மேகம் கிழிந்த இடத்தில் மலை தெரிந்தது. தேயிலைச் செடிகள் நின்ற நிலையிலேயே, வரிசை குலையாமல், கீழே நடந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கறுத்த சேறும் பாறையும் தண்ணீரும். பாடசாலைக் கூரை காகிதம்போல மடிந்தது. பிள்ளைக்காம்பரா ஒரு கணம் மிதந்ததுபோல இருந்தது, பிறகு இல்லை. சேறு ஓடைக்குள் விழுந்து, தார் ரோட்டை மூடிக்கொண்டு போய், ஃபெக்டரிக்கு முன்னால் நின்றது. எல்லாம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

கோயில்மேட்டில் பிள்ளைகள் பிடித்த கையை விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், என் பை?"

முதலில் சிரித்தது பாலம்மாதான். சிரிப்பு அழுகையாகி எல்லாருக்கும் பரவியது. தாய்மார் மலையின் மறுபக்கத்திலிருந்து கூடைகளை எறிந்துவிட்டு ஓடிவந்தார்கள். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைக் கண்டபிறகும் அடுத்தவள் பிள்ளையைத் தேடினாள். நண்பகல், லுஹர் தொழுகை நேரத்தில் டீச்சர் கோயிலுக்கு வெளியே, மரத்தடியில் ஒதுங்கினார். பாலம்மா சொல்லாமலேயே ஒரு காய்ந்த சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். உம்மு குல்சும் அதில் தொழுதார். சுஜூதில் தரையில் வைத்த நெற்றியை எடுக்க மனம் வரவில்லையாம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் அக்குறணையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செய்தி அவருக்கு முந்தி வந்திருந்தது. பஜாரில் கடைக்கு முன்னால் கூட்டம். வாப்பா கையில் சட்டியை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏ மகள் பச்சை மலை கண்டுதான் போன. ஒன்றரை வருஷத்துக்கு முந்தியே அல்லாஹ் காட்டிட்டான்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அழுதார்.

ஊத்துமலையில் பாலம்மா, முருகன்தான் டீச்சர் உருவில் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்ததை உம்மு குல்சும் சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டு வந்திருந்தார். இதைச் சிரித்துக்கொண்டு கேட்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் வாப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாப்பா, நான் கனவு காணல்ல."

"எது?"

"பச்சை மலை. காணல்ல. போக ஆசையா ஈந்திச்சு. பொய் சொன்ன."

ஹவ்வா உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இஸ்ஸதீன் ஹாஜியார் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஒன்ன யார் அங்க அனுப்பின?"

"நான்தான் போன வாப்பா. அல்லாஹ் என்னைத் தள்ளிவிடல்ல. போகக்கூடிய வழிய வச்சான். பொய் சொல்லித்தான் போன. அது ஏ தப்பு. அத அவன் தலையில போட ஏலாது."

அன்று இரவு ஹாஜியார் சாப்பிடவில்லை. மறுநாள் பின்னேரம் அஸர் தொழுததும் பள்ளிவாசலில் மௌலவியிடம் போய் இருந்ததை இருந்தபடி சொன்னார். மகள் பொய் சொல்லிப் போனாள். எழுபத்தைந்து பிள்ளைகள் பிழைத்தன. அப்படியென்றால் அந்தப் பொய் நல்லதா?

மௌலவி இளவயதுக்காரர். யோசித்துச் சொன்னார்: "பொய் பொய்தான் ஹாஜியார். தௌபா செஞ்சு மன்னிப்புக் கேக்கணும். புள்ளைகள் தப்பினது அல்லாஹ்ட ரஹ்மத், அவன்ட கருணை. ரெண்டையும் ஒரே பையில போட்டு நிறுக்க வேணாம். அவன் மனுசனுக்கு வழி காட்டினதாத்தான் சொல்றான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதாச் சொல்லல்ல."

"கனவு?"

"இஸ்திகாராவுக்குக் கனவு வேணுமென்டு யார் சொன்ன? தொழுங்க. தெரிஞ்சவங்கள்ட்ட கேளுங்க. யோசிங்க. பொறகு அடி எடுத்து வைங்க. நல்லதென்டா லேசாகும்."

"அப்ப நான் நாப்பது வருஷமா எதுக்குத் தூங்கின?" என்றார் இஸ்ஸதீன் ஹாஜியார். மௌலவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹாஜியாரும் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து மகளின் தலையில் கையை வைத்தார். திங்கட்கிழமை கடையில், கேட்டவர்களிடமெல்லாம் தானே உண்மையைச் சொன்னார்.

ஊர் நம்பவேண்டுமே. அடக்கத்தில் மறைக்கிறாள் என்றது ஊர். வெள்ளிக்கிழமைகளில் வீட்டு வாசலில் பெண்கள் வந்து காத்திருக்கத் தொடங்கினார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், ஒரு கனவு காணுங்கள். காணி வாங்கப் போகிறோம், ஒரு கனவு காணுங்கள். உம்மு குல்சும் அவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

"மாப்பிள்ளை என்ன வேலை?"

"தெரியாது. நல்ல குடும்பம்."

"மகள்ட்ட கேட்டீங்களா?"

"அவள்ட்ட என்ன கேக்குற?"

"அவதானே கல்யாணம் முடிக்கப்போற? முதல்ல கேட்டுட்டு வாங்க. பொறகு ரெண்டு பேரும் தொழுங்க. நான் தூங்கினா உங்களுக்கு ஒன்டும் வெளங்காது."

கோபித்துக்கொண்டு போனவர்கள் பலர். திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு பெண், "கேட்டேன் டீச்சர். அவளுக்கு வேணாமாம். தப்பிச்சோம்" என்று ஒரு டப்பா தொதல் இனிப்புக் கொண்டுவந்தாள்.

இதற்கிடையில் சரிவை அளக்க அரசாங்க அலுவலகத்திலிருந்து பஹ்மி என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்திருந்தார். கண்டிக்காரர், ஒல்லி, மழையிலும் குறிப்புக் கொப்பியைக் கைவிடாதவர். ஏன் கோயில்மேட்டைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டார். டீச்சர் சொல்லச் சொல்ல, கான் வற்றிய நேரத்திலிருந்து கதவு இறுகியதுவரை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். கனவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே உம்மு குல்சுமுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அந்த மழையில் எல்லா மலையும் பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை. அதே வாரம் வேறொரு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்று மண்ணுக்குள் போய் ஒன்பது பேர் இறந்தார்கள். இரண்டு மகன்களைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, இந்த டீச்சரைப் பார்க்கவேண்டுமென்று உறவுக்காரரோடு கோயில்மேட்டுக்கு வந்தாள். அங்கே தகரம் போட்டுத் தற்காலிகமாக வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் பிள்ளைகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஒங்களுக்குக் காட்டுன கடவுள் எங்களுக்கு ஏங்க காட்டல?"

உம்மு குல்சுமுக்குத் தெரிந்த பதில்கள் பல உண்டு. "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் போன பிறகு அன்று முழுவதும் பாடம் நடத்த முடியவில்லை.

அடுத்த முறை பஹ்மி வந்தபோது டீச்சர் கேட்டார்: "அங்கயும் தண்ணி நின்டிச்சா?"

"விசாரிச்சேன். தண்ணி புடிக்கிற பீலியில தண்ணி வரல்லயென்டு காலையிலேயே பேசிக்கொண்டாங்களாம். மேல குழாய் அடைச்சிக்கொண்டென்டு நெனச்சீக்கிறாங்க."

உம்மு குல்சும் சோக்குக் கட்டியைக் கீழே வைத்தார். அங்கேயும் காட்டப்பட்டிருக்கிறது. அதை வாசிக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தானும் ஒரு டீச்சர். தன்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்விக்கு அது முழுப் பதிலல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் செய்யக்கூடிய காரியம் ஒன்று கைக்கு வந்துவிட்டது. அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"இந்த அடையாளங்களையெல்லாம் எழுதித் தாங்க. படம் போட்டுத் தாங்க. மத்தத நான் பாத்துக்கொள்றேன்."

பஹ்மி படம் போட்டுக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பெண்ணும் கேட்டு ஆள் அனுப்பினார். அதே வாரம் அக்குறணைப் பெண்கள் பாடசாலைக்கு இடமாற்றக் கடிதமும் வந்தது. ஹவ்வா உம்மாவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. பஹ்மியின் தாயார் ஒரு நிபந்தனை சொல்லியனுப்பினார்: மருமகள் மலையேறக்கூடாது, அக்குறணையிலேயே படிப்பிக்கட்டும்.

இஸ்ஸதீன் ஹாஜியார் மகளிடம் வந்து நின்றார். "தொழுவமா?"

"தொழுவம் வாப்பா."

இருவரும் தொழுதார்கள். உம்மு குல்சும் கட்டைபோலத் தூங்கினார், ஒன்றும் வரவில்லை. காலையில் எழுந்து, பஹ்மியை வீட்டுக்கு வரச்சொன்னார். உம்மாவையும் வாப்பாவையும் வைத்துக்கொண்டே நேராகக் கேட்டார்.

"புது மண்டபம் எழும்புற வரைக்கும் அந்தப் புள்ளைகள விட்டுட்டு வரமாட்டேன். அதுக்குப் பொறகும் வருவேனென்டு சொல்ல ஏலாது. உங்களுக்குச் சரியா? இல்லையென்டா இப்பவே சொல்லுங்க, நான் கோவிச்சுக்கொள்ளமாட்டேன்."

பஹ்மி கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை உண்மையானது என்பதால் உம்மு குல்சுமுக்கு அவரை இன்னும் பிடித்துப்போயிற்று. "உம்மாவுக்கு நான் வெளங்கப்படுத்துறேன்" என்றார். "கொஞ்சம் நாள் எடுக்கும்." ஒரு வருடமும் நாலு மாதமும் எடுத்தது. அதுவரை இருவரும் காத்திருந்தார்கள். இடமாற்றக் கடிதத்தை உம்மு குல்சும் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார். கல்யாணத்துக்கு ஊத்துமலையிலிருந்து வேன் நிறைய ஆட்கள். பந்தலில், பலர் சேர்ந்து சாப்பிடும் பிரியாணிச் சஹனைச் சுற்றி எப்படி உட்காருவது என்று மூக்கையாவுக்குக் காட்டிக்கொடுத்தவர் வாப்பாதான்.

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வீடு பார்த்தார்கள். அங்கிருந்தும் டீச்சர் பஸ்ஸில்தான் போய் வந்தார், மொத்தம் பத்தொன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஹ்மியின் பழைய மோட்டார் சைக்கிளில் இருவரும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். லயத்துக்கு முன்னால் படத்தை மாட்டி, பெண்களைக் கூட்டி, டீச்சர் கேட்பார்: மழை பெய்யப் பெய்யத் தண்ணி நின்டா என்ன அர்த்தம்? கதவு இறுகினா என்ன அர்த்தம்? மரம் சாஞ்சா? மண் சுவர்ல புது வெடிப்பு வந்தா? தலையெழுத்து என்று யாராவது பின்னாலிருந்து சொல்வார்கள். சொல்லாத இடமே இல்லை. அதைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் கூடிவிடும். "எழுதினவன் எழுதட்டும். ஓட வேணாமென்டும் எழுதியீக்கா? காட்டுங்க பாப்பம்" என்பார். கூட்டம் சிரிக்கும். பிறகு கேட்கும்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிறு, ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் லயமொன்றில் பாடம் முடிந்து, ஓடவேண்டிய பாதையை டீச்சர் சுவரில் சோக்கால் கோடு போட்டுக் காட்டினார். வாசலில் இருந்து பார்த்தால் அதுதான் நல்ல மேடு. கொழுந்தெடுக்கும் அன்னலட்சுமி என்ற பெண் எழுந்தாள். அதுவரை அவள் வாய் திறந்திருக்கவில்லை.

"அது சரிவராதுங்க டீச்சர். அந்த மேட்டுக்குப் பின்னால குளம் வெட்டியிருக்காங்க. ஈரம் ஊறிக் கெடக்கு. நான் தெனம் நடக்குற எடம்."

"அப்ப எந்தப் பக்கம்?"

அன்னலட்சுமி முன்னால் வந்தாள். கையை நீட்டிச் சோக்கைக் கேட்டாள். சுவரில் வேறொரு கோடு போட்டாள். வளைந்து, கற்பாறைப் பக்கமாகப் போய், பழைய களஞ்சியத்தில் முடிந்தது. கூட்டத்திலிருந்து இரண்டு பேர் மறுத்தார்கள். நாலு பேர் அவள் பக்கம் சேர்ந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பஹ்மி கொப்பியைத் திறந்தார். "வாங்க, நடந்தே பாத்துருவோம்" என்றாள் அன்னலட்சுமி. டீச்சர் சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். லயமே கிளம்பி வந்தது. பாறை காய்ந்திருந்தது. களஞ்சியம் உறுதியான கல்மேட்டில் நின்றது. டீச்சர் காட்டிய மேட்டில் கால் வைத்தபோது கணுக்கால்வரை புதைந்தது.

அவர் லயத்துக்குத் திரும்பி வந்து, சுவரில் தான் போட்ட கோட்டை மட்டும் உள்ளங்கையால் அழித்தார்.